பாறைக்குள் ஒரு குசினி

அக்காவை நான் முதன்முதலாகக் கண்டது என்னுடைய குசினிக்குள். ஸ்காபரோவில் அந்தப் பழைய அபார்ட்மென்டுக்கு நானும் மகள் நிலானியும் குடிவந்த நாள். சாமான் ஏற்றுகிறவர்களுக்காகக் கதவைத் திறந்து விட்டுவிட்டுக் கீழே போயிருந்தேன். கடைசிப் பெட்டியோடு லிப்டில் ஏறி வந்து பார்த்தால், முன்பின் தெரியாத ஒரு மனிசி, நரைத்த கொண்டையும் வேலைக்குப் போகிற நீலச் சட்டையுமாக, என் குசினி அலுமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஆர் நீங்கள்?" என்றேன். குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் கேட்டேன்.

"முன் வீடு புள்ள," என்றார் திரும்பாமலே. "அடுப்பில பின்பக்கத்து இடதுகைப் பக்கம் சூடாகாது. இந்த வரிசையில எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான். சிங்குக்குக் கீழ ஈரம் இல்ல, நல்லம். மறுகா, அந்த யன்னலால மாரியில காத்து வரும். பழைய துணி கிடந்தா அடைச்சு வைங்க."

அதற்குப் பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அழுதுவிட்டு வந்த முகத்தோடு நின்றேன். ஏன் என்று கேட்கவில்லை. "தேத்தண்ணிக் கேத்தில் எந்தப் பெட்டிக்குள்ள?" என்று மட்டும் கேட்டார்.

கணவரை விட்டுப் பிரிந்து வந்த புதிது அது. ஒரே பிளாசாவில் மரக்கறி வாங்குகிற சொந்தக்காரர்கள்கூட என்னைக் கண்டால் மற்ற வரிசைக்குத் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போன காலம். போனில் அனுதாபம் சொன்னவர்கள் இருந்தார்கள். வீட்டுக்கு வந்தவர் ஒருவரும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்த முதல் ஆள் அக்கா. அதனால்தானோ என்னவோ, பிறகு அவருடைய இந்தப் பழக்கத்தை மற்றவர்கள் குறையாகச் சொன்னபோதெல்லாம் என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

அக்கா மட்டக்களப்பு. நான் யாழ்ப்பாணம். அவர் பேச்சில் வாக்கியத்துக்கு ஒரு 'மறுகா' விழும். அதற்குப் 'பிறகு' என்று அர்த்தம் என்பதை என்னைவிட முதலில் பிடித்துக்கொண்டவள் நிலானி. கொஞ்ச நாளில் அவளும் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் மறுகா போட்டுத்தான் சொன்னாள். என் அம்மா போனில் அதைக் கேட்டுத் திடுக்கிட்டுப் போனார்.

ஒருவருடைய வீட்டுக்குள்ளே போய்ப் பார்க்காமல் அவரைத் தெரியும் என்று சொல்லக்கூடாது என்பது அக்காவின் கட்சி. "வெளிய நிண்டு பாத்திட்டுப் போறது தபால்காரன்ட வேல," என்பார். ஒரு பிறந்தநாளுக்குப் போனால் எல்லாரும் இருப்பறையில் இருப்பார்கள். அக்கா குசினிக்குள் நிற்பார், பிறகு பின்கதவு, பிறகு பிள்ளைகளின் அறை. ஒளித்துப் பார்ப்பதில்லை. "உள்ள வரலாமா?" என்று பலமாகக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் உள்ளே நிற்பார். கண்டதை வெளியே சொல்லமாட்டார். ஆனால் கண்டதற்கு ஏற்றபடி நடந்துகொள்வார். ஐந்தாம் மாடியில் ஒரு இளம் குடும்பம் கட்டில் இல்லாமல் நிலத்தில் படுத்ததைக் கண்டுவிட்டு, அடுத்த கிழமை எங்கிருந்தோ ஒரு மெத்தையைப் பிடித்து, "எனக்கு இடமில்லகா, கொஞ்ச நாளைக்கு வெச்சிருங்க," என்று அங்கே கொண்டுபோய்ப் போட்டார். கொஞ்ச நாள் முடியவே இல்லை.

வாங்கிக் கட்டியதும் உண்டு. மேல்மாடியில் ஒரு பெண்ணின் மசாலாப் போத்தல்களை அக்கா தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றி அடுக்கிவிட்டார். "அன்ரி, என்ர வீட்டில கை வையாதேங்கோ," என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அக்கா ஒரு கிழமை யார் வீட்டுக்கும் போகவில்லை. வேலைவிட்டு வந்து தன் கதவைச் சாத்திக்கொண்டார். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ நிலானி போய்க் கதவைத் தட்டி, "உள்ள வரலாமா?" என்று அவருடைய குரலிலேயே கேட்டாள். அதோடு கோபம் முடிந்தது.

விமானநிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குவது அவருடைய வேலை. நாள் முழுவதும் அறைகளுக்குள்தானே இருக்கிறீர்கள், இன்னும் ஆசை தீரவில்லையா என்று ஒருமுறை கேட்டேன்.

"அது அறையா?" என்றார். "ஆரும் உப்புப் பாக்காத இடம்."

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. என் கார், அக்காவின் தேத்தண்ணிப் பிளாஸ்க். யூனியன்வில்லில் விற்பனைக்கு இருக்கிற வீடுகளை ஞாயிறு மத்தியானங்களில் திறந்து வைப்பார்கள். விட்பிப் பக்கம் புதிதாக வீடு கட்டி விற்கிற கொம்பனிகள் மாதிரி வீடு ஒன்றைச் சோடித்து வைத்திருப்பார்கள். நாங்கள் இரண்டையும் விடுவதில்லை. வாங்குகிற எண்ணம் எங்கள் இருவருக்கும் இல்லை. அக்கா வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி வலதுகாலை வைத்துப் போவார்.

ஒருமுறை விட்பியில், வீட்டைக் காட்டி விற்க நின்றது எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒன்று. இங்கே பிறந்தவள். எங்களைக் கண்டதும் சந்தோசமாக ஓடிவந்து, "அன்ரி, ஆர் யூ லுக்கிங் ற்று பை? பட்ஜெட் என்ன மாதிரி?" என்று கேட்டாள்.

நான் ஏதாவது பொய் சொல்லத் தயாரானேன். அக்கா முந்திவிட்டார். "வாங்க இல்ல மகள். பாக்க வந்தம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நோ ப்ரொப்ளம் அன்ரி. பாருங்கோ," என்று விட்டுவிட்டாள். அக்கா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து உள்ளே பிளாஸ்டிக் அப்பிள்கள் இருப்பதைக் கண்டு மூடினார். இருப்பறையும் சாப்பாட்டறையும் குசினியும் ஒன்றாக, நடுவில் ஒரு சுவர்கூட இல்லாமல் கிடந்த அந்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"வடிவுதான்," என்றார் அந்தப் பிள்ளையிடம். "ஆனா ஒரு பொம்புள எங்க இருந்து அழுற?"

அந்தப் பிள்ளை முதலில் சிரித்தாள். பிறகு யோசித்தாள். "வோஷ்றூம்?" என்றாள்.

"பாவம்," என்றார் அக்கா.

அவருக்கென்று ஒரு வீடு இருந்தது. அதை அவர் ஒரே ஒருதரம்தான் எனக்குச் சொன்னார், அதுவும் காரில், திரும்பி வருகிற வழியில், தெருவைப் பார்த்துக்கொண்டு. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடந்த மணல் துண்டில், அக்காவுக்கு அவருடைய அம்மா சீதனமாகக் கொடுத்த வீடு. அவர்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அக்கா பிறந்ததும் அந்த வீட்டில்தான், கலியாணம் செய்ததும் அங்கேதான். கணவர் ஊர்க் குழப்பத்தில் போனபிறகு சின்ன மகனைக் கையில் பிடித்துக்கொண்டு கனடாவுக்கு வந்தார். அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார். பிறகு கடல் வந்தது. அம்மாவும் போய், வீடும் போய்விட்டது. வாவிப் பாலத்துக்கு அப்பால் இருந்த தங்கச்சி தப்பி, ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்துச் சொன்னாராம். வீட்டின் சீமெந்து நிலம் மட்டும் மிச்சம் என்று.

"நீங்கள் போய்ப் பாக்கேல்லையா அக்கா?"

"போய் என்ன பாக்கிற? உள்ள போக ஏலாத வீட்ட."

பிறகு, "அந்தச் சந்தியில திருப்பு புள்ள, அங்க ஒரு ஓப்பின் ஹவுஸ் போட் கிடக்கு," என்றார்.

மகன் வளர்ந்து, படித்து, கலியாணம் செய்து, விட்பியில் பெரிய வீடு வாங்கினார். அம்மாவுக்கென்று கீழ்த்தளத்தில் ஒரு பகுதியையே ஒதுக்கினார். சூடாக்கிய தரை, தனிக் குளியலறை, சாமித்தட்டு எல்லாம் இருந்தது. அக்கா போய்ப் பார்த்து, "நல்லம் மகன்," என்றார். அவர் நல்லம் என்று ஒரு சொல்லோடு முடித்தால் அது நல்லதற்கில்லை என்பது எனக்குத் தெரியும். மகனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வருசக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவும், "ஹோட்டல் வேலைக்குத் தூரம் மகன், பென்சன் எடுத்தாப் போல வாறன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பென்சன் எடுத்தபிறகும் வேறு காரணங்கள் அகப்பட்டன.

இதற்கிடையில் நிலானி படிப்பை முடித்துவிட்டு ஸ்பெயினில் மலகா என்ற ஊருக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போய்விட்டாள். ஒருநாள் அக்காவின் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். ஒரு பெரிய மலைப்பாறை, தெருவுக்கு மேலே கை நீட்டிய மாதிரி வந்து நிற்கிறது. அதன் கீழே வரிசையாக வெள்ளை வீடுகள். முன்சுவர் மட்டும் மனிதர் கட்டியது. கூரையும் பின்சுவரும் மலையே. அக்கா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். குளிக்கப் போகும்போது நிறுத்தி, வந்து மீண்டும் போட்டார்.

"மழைக்கு ஒழுகாதா? புகை எங்கால போகும்? ஆணி அடிக்க ஏலுமா?" என்று அவளுக்குக் குரல்செய்தி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் நிலானி, "அக்காம்மா, கம் அண்ட் ஸீ. நீங்களே வந்து கேளுங்கோ," என்று சொல்லிவிட்டாள். நான் மகளைப் பார்க்கப் போகவே இருந்தேன். அக்காவும் சேர்ந்துகொண்டார்.

அந்த ஊருக்குப் பெயர் செத்தெனில். மலகாவிலிருந்து காலையில் புறப்பட்டுப் பின்னேரம் திரும்புகிற பயணம். வழியெல்லாம் ஒலிவ மரங்கள், தலைவாரிய மாதிரி வரிசையாக. நிலானி கார் ஓட்ட, அக்கா முன்சீற்றில் இருந்து வழியில் வந்த ஒவ்வொரு பண்ணை வீட்டையும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஊருக்குள் ஒரு சின்ன ஆறு ஓடுகிறது. ஆற்றின் ஒரு பக்கத்துத் தெருவில் வெயில், மற்றப் பக்கத்துத் தெரு முழுக்கப் பாறையின் நிழல். தலைக்கு மேலே அவ்வளவு கல்லையும் வைத்துக்கொண்டு சனங்கள் மேசை போட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நிலானி என்னைப் பாறைக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்தாள். அக்கா படத்துக்கு நிற்கவில்லை.

"இதெல்லாம் கடை," என்றார். "வீடு எங்க?"

உல்லாசப் பயணிகள் வராத மேல் தெரு ஒன்றுக்கு ஏறிப் போனோம். அங்கே ஒரு வயதான பெண், அக்காவின் வயதுதான் இருக்கும், இடுப்பில் ஏப்ரன் கட்டிக்கொண்டு வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார். வாசலுக்கு மணிகள் கோத்த திரை தொங்கியது. அக்கா அவர் முன்னால் போய் நின்று, கையைக் கூப்பி, பிறகு திரையைக் காட்டி, தமிழிலேயே கேட்டார்: "உள்ள வரலாமா?"

நிலானி வெட்கத்தோடு மொழிபெயர்க்க வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பெண் வாளியைத் தள்ளி வைத்துவிட்டுத் திரையை விலக்கிப் பிடித்தார்.

முன்னறை சாதாரண வீட்டு அறை மாதிரித்தான். தொலைக்காட்சி, பேரப்பிள்ளைகளின் படங்கள். அதைத் தாண்டினால் குசினி. அங்கேதான் மலை வீட்டுக்குள் வந்தது. சுண்ணாம்பு பூசிய பாறை பின்னாலிருந்து புடைத்து, வளைந்து, அடுப்புக்கு மேலே கூரையாகி, புகை பட்ட இடத்தில் கறுத்திருந்தது. வெளியே கொளுத்திய வெயிலுக்கு அங்கே மண்பானைக்குள் கைவிட்ட மாதிரிக் குளிர். அக்கா இரண்டு உள்ளங்கைகளையும் பாறையில் வைத்தார். அப்படியே நின்றார்.

பிறகு கேள்விகள். நிலானி நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னாள். மழைக்குக் கசியும், சுண்ணாம்பு அடிக்க வேண்டும். புகைக்குக் குழாய் உண்டு. ஆணி முன்சுவரில் மட்டும்.

"ஆத்துத் தண்ணி எப்பயாச்சும் ஏறி வந்ததா எண்டு கேளு."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. வந்தது என்றார். கலியாணம் முடித்து வந்த புதிதில், அப்போது கீழே ஆற்றங்கரையில் இதே மாதிரி ஒரு வீட்டில் இருந்தார்களாம். வெள்ளம் முன்சுவரையும் கதவையும் மேசை கதிரையையும் கொண்டுபோய்விட்டது. தண்ணீர் வடிந்தபிறகு திரும்பி வந்தால், குசினியும் பாறையும் அப்படியே இருந்தன, முன்பக்கம் மட்டும் வெட்டவெளி. கணவர் சுவர் எழுப்பி முடிக்கும்வரை அங்கேயேதான் சமைத்தாராம். தெருவால் போகிறவர்கள் எல்லாரும் என்ன கறி என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்களாம். அதைச் சொல்லி அவர் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "சுவர் இல்லாமக் கிடந்த நேரம், அது வீடா எண்டு கேளு."

நிலானி என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். அந்தப் பெண்ணுக்குக் கேள்வி விளங்கவில்லை. திரும்பவும் கேட்டாள். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு சொன்ன பதிலை நிலானி தமிழில் சொன்னபோது அவளுடைய குரல் ஒருமாதிரி இருந்தது. "'நான் உள்ளுக்குத்தானே இருந்தனான்' எண்டு சொல்லுறா அக்காம்மா."

அக்கா பக்கத்தில் கிடந்த கதிரையில் இருந்துவிட்டார். அந்தப் பெண் ஒரு கோப்பை தண்ணீர் கொடுத்தார். அடுப்பில் பருப்பு கொதித்தது, அவர்கள் ஊர்க் கறுத்தப் பருப்பு. மேசையில் உரிக்காத உள்ளி கிடந்தது. அக்கா அதைத் தன் பக்கம் இழுத்து உரிக்கத் தொடங்கினார்.

"நீங்க ரெண்டு பேரும் போய் ஊரப் பாத்திட்டு வாங்க," என்றார். "நான் இவடத்த இரிக்கன்."

நாங்கள் போனோம். கோட்டைக்கு ஏறினோம், பாலத்தில் நின்றோம். நிலானி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சின்ன வயதில் அவள் அப்படி நடந்ததே இல்லை. திரும்பி வந்தபோது இருவரும் சாப்பிட்டு முடித்து, கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அக்கா கழுவ, அந்தப் பெண் துடைக்க. அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. வாசலில் அந்தப் பெண் அக்காவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அக்கா அவரை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

கார் ஒலிவத் தோட்டங்களைத் தாண்டியதும் அக்கா என் பக்கம் திரும்பினார். பிறகு, "புள்ள, ரொறன்ரோ போனதும் எனக்கு மட்டக்களப்புக்கு ரிக்கற் பாத்துத் தா," என்றார்.

மகனிடம் அதைச் சொன்ன நாளில் நானும் விட்பியில் இருந்தேன். அக்காதான் துணைக்கு வா என்று கூப்பிட்டார். மகன் முதலில் நம்பவில்லை. பிறகு கோபப்பட்டார்.

"அம்மா, அங்க வீடே இல்லை."

"நிலம் கிடக்குத்தானே."

"வெறும் நிலத்தில போய் என்ன செய்யப் போறீங்கள்?"

"கூட்டப் போறன். எவ்வளவு காலத்து மணல் கிடக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். "அன்ரி, உங்கட ஸ்பெயினாலதான் உது. இஞ்ச ஒரு வீடு வாங்கி வச்சிருக்கிறன், ஒரு கிழமை வந்து இருக்கேல்லை. அந்த அறையை ஆருக்கு வச்சிருக்கிறன் நான்?" கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது. அக்கா எழும்பிப் போய் அவருடைய தலையைத் தடவினார். அவர் தட்டிவிடவில்லை, ஆனால் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

ஒரு மாதத்துக்கு என்று போன அக்கா திரும்பி வரவில்லை. தங்கச்சியின் வீட்டில் தங்கினார். ரிக்கற் திகதியை மாற்றச் சொல்லி எனக்குப் போன் வரும். பிறகு அதுவும் நின்றுவிட்டது. எங்கள் மாடியில் அவருடைய வீட்டை மகன் வந்து காலி செய்து கொடுத்தார். வேறு ஆட்கள் வந்தார்கள். நல்ல சனம், கண்டால் சிரிப்பார்கள். என் கதவு யாரும் தட்டாமல் சாத்தியே கிடந்தது. நான் வேலைவிட்டு வந்து தேத்தண்ணி வைத்தால் கை தன்பாட்டில் இரண்டு கோப்பை எடுக்கும்.

அடுத்த வருசம் நான் போனேன். தங்கச்சி வீட்டிலிருந்து அக்கா என்னை ஓட்டோவில் பாலம் தாண்டி அழைத்துப் போனார். சவுக்கு மரங்களுக்கு நடுவில் ஒரு சீமெந்து நிலம், சிவப்புப் பூச்சு அங்கங்கே மிச்சமாக. மணல் ஒரு பொட்டு இல்லை. பக்கத்துக் காணிகளிலும் இப்படி நிலங்கள் கிடந்தன, எல்லாம் மணலும் அடம்பன் கொடியும் மூடிப்போய். அக்காவின் நிலம் மட்டும் அப்போதுதான் கழுவிய மாதிரி இருந்தது. நான் மூலைப் பக்கத்தால் ஏறப் போனேன்.

"அதால வராதீங்க! அது சுவர்!" என்று கத்தினார். "இஞ்சால, வாசலால வாங்க."

வாவிப் பக்கம் சுற்றிப் போய், அவர் காட்டிய இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். வீடு முழுவதும் காட்டினார். இது முன்னறை. இது சாமியறை, குனிங்க, நிலை பதிவு, தலை இடிக்கும். குனிந்தேன். இதுதான் குசினி, புகை போக அம்மா மேல ஓட்டை வெச்சிருந்தா. இது கடல் பக்கத்து அறை, ஒரு கட்டில் போட்டா மறுகா நடக்க இடமில்லை, ஆனா காத்து அப்பிடி வரும். நானும் இதுக்குள்ளதான் பிறந்த, மகனும் இதுக்குள்ளதான் பிறந்த.

குசினி இருந்த இடத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். கடல் சத்தம் பெரிதாகக் கேட்டது. பயமில்லையா என்று கேட்டேன். "இரிக்கி," என்றார். "பயந்து பயந்துதான் வாறன்." ரொறன்ரோவுக்கு எப்போது வருவீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத்தான் போயிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த மாரியில், இரண்டு நாள் காய்ச்சலில் அக்கா போய்விட்டார். மகன் உடனே புறப்பட்டார். என்னால் போக முடியவில்லை. செத்தவீட்டை நிலானியும் நானும் ஆளுக்கொரு நாட்டில் இருந்து போனில் பார்த்தோம்.

எல்லாம் முடிந்து சில நாள் கழித்து, பனிக்குக் காரை எடுக்காமல் வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்காவின் மகனிடமிருந்து அழைப்பு வந்தது. இங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே பின்னேரம். காற்று இரைந்தது.

"அன்ரி, அம்மாவின்ர நிலத்தில நிக்கிறன். எது என்னெண்டு ஒண்டும் தெரியேல்லை. சின்னம்மா அழுகிறா, கேக்க ஏலாமல் இருக்கு. உங்களுக்கு அம்மா காட்டினவவாம்."

"ஓம் தம்பி. இப்ப எங்க நிக்கிறீங்கள்?"

"நடுவில, நினைக்கிறன்."

"இறங்குங்கோ. இறங்கி வாவிப் பக்கம் போங்கோ. வாவிக்கு முதுகு காட்டி நிண்டு, நேர வாங்கோ. அதுதான் வாசல்."

பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. ஓட்டுநர் ஒருதரம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். போனில் அவருடைய மூச்சும் காலடிச் சத்தமும் கேட்டன. முன்னறையைச் சொன்னேன். சாமியறைக்குக் குனியச் சொன்னேன். அவர் குனிந்தாரா தெரியவில்லை, கொஞ்சம் தாமதித்து, "ஓம்," என்றார்.

"இப்ப கடல் பக்கம் ஒரு சின்ன அறை. ஒரு கட்டில் போட்டா நடக்க இடமில்லையாம். அதுக்குள்ளதான் அம்மா பிறந்தவா. நீங்களும் அதுக்குள்ளதான்."

போனில் கடல் கேட்டது. நான் கையுறையைக் கழற்றி, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் கொஞ்ச நேரம் இருந்திட்டு வாறன் அன்ரி," என்றார்.

"இருங்கோ தம்பி," என்றேன்.